ஷெஹ், செக், கட்டம்: ஜனவரி நாட்குறிப்பு

5 ஜனவரி 2025, ஞாயிறு

டெல்லி ஆர்.கே.புரத்துல இன்னிக்கு வெயில் எட்டிப் பார்க்கவே பதினோரு மணி ஆயிடுச்சு. அப்பாவுக்கு ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் மாட்டிவிட்டு பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். எதிர் பிளாக்ல இருக்கிற லக்னோ அங்கிள் செஸ் போர்டோட வந்து உக்காந்திருந்தார். அப்பாவுக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது, ஆனா பத்து நாளா ரெண்டு பேரும் தினம் ஆடுறாங்க.

இன்னிக்கு ஒரு சின்ன குழப்பம். அங்கிள் "வஸீர், வஸீர்"னு கையைக் காட்டுறார், நான் வஸீர்னா மந்திரின்னு அப்பாகிட்ட சொன்னேன், அப்பா உடனே தன்னோட மந்திரியை, அதாவது பிஷப்பை, இழுத்துப் பின்னாடி வச்சார். அடுத்த நிமிஷம் ராணி போச்சு. இந்திக்காரங்களுக்கு ராணி தான் வஸீர், நம்ம மந்திரி அவங்களுக்கு ஊண்ட், ஒட்டகம். யோசிச்சுப் பார்த்தா அவங்க சொல்றது தான் பழைய பேர். ஆதியில ராஜா பக்கத்துல நின்னது மந்திரி தான், குறுக்கால ஒரே ஒரு கட்டம் தான் நகர முடியும், ஐரோப்பாவுக்குப் போன பிறகு தான் அந்தக் காய் ராணி ஆகி, 15ஆம் நூற்றாண்டு முடியுற சமயத்துல இப்ப இருக்கிற பலமெல்லாம் அதுக்கு வந்துச்சு.

ஆனா என்னை நிறுத்தி வச்சது அது இல்ல. ஒவ்வொரு தடவை அப்பாவோட ராஜாவை மடக்கும்போதும் அங்கிள் "ஷெஹ்"னு சொல்றார். அப்பா திருப்பி மடக்கும்போது "செக்"குங்கிறார். ஷெஹ், செக், ஷெஹ், செக். அரை மணி நேரம் காதுல விழுந்த பிறகு தான் பொறி தட்டுச்சு, இது ரெண்டும் ஒரே வார்த்தையாச்சே! பாரசீகத்துல ஷான்னா ராஜா. "ஷா!"ன்னு சொன்னா 'உங்க ராஜாவைப் பாத்துக்கங்க'ன்னு எச்சரிக்கை. அது அரபி, லத்தீன், பழைய பிரெஞ்சு எல்லாத்தையும் சுத்திட்டு இங்கிலீஷ்ல செக் ஆச்சு. இங்க நேரா வந்து ஷெஹ் ஆச்சு. ஒண்ணு உலகம் சுத்தி வந்தது, இன்னொண்ணு பக்கத்துலருந்து வந்தது, ரெண்டும் ஒரு சிமென்ட் பெஞ்சுல எதிரும் புதிருமா உக்காந்திருக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

7 ஜனவரி, செவ்வாய்

அப்பாவோட செக் திரும்பி வந்துடுச்சு. குறிஞ்சிப்பாடில இருந்த ரெண்டு தறியையும் சாமானோட சேர்த்து 26,000 ரூபாய்க்குப் பேசி வித்தோம், வாங்கினவர் 7,500 கையில குடுத்தார், மீதி 18,500க்கு செக். போன வெள்ளிக்கிழமை போட்டது. இன்னிக்கு ஆபீஸ் முடிஞ்சு பேங்க்ல போய் செக் ஏன் திரும்புச்சுன்னு போட்ட மெமோவை வாங்கினேன், 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்', அதாவது கணக்குல பணம் போதலைன்னு டிக் பண்ணியிருக்கு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறார்.

அப்பா ஒண்ணும் சொல்லல. நாப்பது வருஷம் கால் வச்சு மிதிச்ச தறி. மெமோவைக் கையில வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார், துணியில ஓட்டை இருக்கான்னு பார்ப்பாரே, அதே மாதிரி.

8 ஜனவரி, புதன் ராத்திரி

தூக்கம் வரல. அந்தச் செக்கும் இந்தச் செக்கும் ஒண்ணான்னு ஒரே யோசனை. ஒண்ணு தான்.

ராஜாவுக்குச் செக் சொன்னா மத்த வேலையெல்லாம் அப்படியே நிக்கணும் இல்லையா, அதனால செக்குக்கு 'திடீர்னு நிறுத்துறது'ன்னு அர்த்தம் வந்துச்சு. அப்புறம் 'அடக்கி வைக்கிறது'. அடக்கி வைக்கணும்னா கணக்கு சரியா இருக்கான்னு பார்க்கணுமே, அப்படி 'சரிபார்க்கிறது' வந்துச்சு. நாம இன்னிக்கு 'செக் பண்ணு', 'செக்கிங்', 'செக்போஸ்ட்'னு சொல்றதெல்லாம் இந்த வழில வந்தது தான். 18ஆம் நூற்றாண்டுல பணம் குடுக்கிற சீட்டுல கள்ளத்தனம் நடக்காம இருக்க அடிக்கட்டை வச்சாங்க, அந்த அடிக்கட்டைக்கு செக்குன்னு பேரு, அப்புறம் அந்தப் பேரு கிழிச்சுக் குடுக்கிற சீட்டுக்கே போயிடுச்சு. அமெரிக்காக்காரங்க எல்லாச் செக்கையும் ஒரே ஸ்பெல்லிங்ல எழுதுறாங்க, பேங்க் செக்குக்குத் தனி ஸ்பெல்லிங் வச்சது பிரிட்டிஷ்காரங்க, நாமளும் அதையே பிடிச்சுக்கிட்டோம்.

செஸ்ங்கிற வார்த்தையும் இதே வேர் தான், செக்கோட பன்மை, அதாவது 'ராஜாக்கள்'. செக்மேட் வந்து ஷா மாத். பாரசீகத்துல மாத்னா திகைச்சுப் போய் வழி தெரியாம நிக்கிறது. ராஜா செத்துட்டார்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது ஒத்துக்கல, செஸ்ல ராஜாவை யாரும் வெட்டுறதே இல்லையே, நிக்க இடம் இல்லாம நிக்கிறதோட ஆட்டம் முடிஞ்சிடுது. எங்க ஆபீஸ்ல யாராவது தோத்துட்டா "மாத் கா கயா"ன்னு இந்தில சொல்லுவாங்க, அதுவும் இதே மாத்.

ஒண்ணு மட்டும் குறிச்சு வைக்கிறேன். அப்பா பேங்க் செக்கை 'செக்கு'ன்னு தான் சொல்லுவார், ஊர்ல எண்ணெய் ஆட்டுறதும் செக்கு. அது நம்ம சொந்த வார்த்தை, இதுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. காது கேக்குறதை வச்சு சொந்தம் கொண்டாடக் கூடாது. காசோலைன்னு தமிழ்ல வச்சவங்களுக்குத் தான் கும்பிடு போடணும், காசும் ஓலையும் சேர்ந்து எவ்வளவு அழகா இருக்கு.

11 ஜனவரி, சனி

மொட்டை மாடில அப்பா, நான், பையன். அப்பா கட்டம் போட்ட கைலி கட்டி மேல சால்வை போத்தியிருந்தார். பையன் கேட்டான், "தாத்தா, இந்த டிசைன் தானே செக்ஸ்?" "கட்டம்னு சொல்லுடா"ன்னார். கட்டம் எப்படி விழுதுன்னு விளக்க ஆரம்பிச்சார். பாவுல கலர் நூல் இத்தனைன்னு முன்னாடியே ஓட்டி வச்சுடுவாங்க, அது மாறாது. ஊடை தான் நெய்றவன் கையில. நாடா இத்தனை தடவை போனா கலர் மாத்தணும்னு ஒரு கணக்கு, எண்ணிக்கை ரெண்டு கூடினாலும் சதுரம் நீட்டிக்கும், மிதிக்கிற வேகமும் பலகை அடிக்கிற பலமும் மாறினாலும் அப்படித்தான். "வாய்ல பேசிக்கிட்டே மனசுல எண்ணணும்"னார்.

அந்தத் துணிக்குச் செக்னு பேரு வந்ததும் செஸ் போர்டுலருந்து தான். அதே மாதிரி தமிழ்ல 'கட்டம்'ங்கிற வார்த்தைக்கும் ஒரு குடும்பம் இருக்கு: கைலிலயும் கட்டம், செஸ்லயும் கட்டம், ஜாதகத்துலயும் கட்டம், 'நெருக்கடியான கட்டம்'னு பேப்பர்ல போடுறதும் கட்டம்.

அப்ப தான் அப்பாகிட்ட இங்கிலாந்து கதையைச் சொன்னேன். 12ஆம் நூற்றாண்டுல அந்த ஊர் ராஜாவோட வரிக்கணக்கை ஒரு பெரிய மேஜைல பார்த்தாங்க, பத்தடி நீளம், அஞ்சடி அகலம், மேல கோடு போட்ட கருப்புத் துணி. கோட்டுக்கு நடுவுல காயை வச்சு நகர்த்திக் கணக்கு. பார்க்க செஸ் போர்டு மாதிரி இருந்ததால அந்த இடத்துக்கே எக்ஸ்செக்கர்னு பேரு, அவங்க நிதி மந்திரிக்கு இன்னிக்கும் அந்தப் பேர்ல தான் பதவி. ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல்ங்கிற பொருளாளர் அப்பவே இதையெல்லாம் எழுதி வச்சிருக்கார், செஸ்ல ரெண்டு ராஜா மோதுற மாதிரி இங்க பொருளாளரும் வரி கொண்டு வர ஷெரிஃபும் மோதுறாங்கன்னு.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் உள்ள போய் இன்னொரு கைலியும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் எடுத்துட்டு வந்து தரைல விரிச்சார். இது பத்தாயிரம், இது ஆயிரம், இது நூறுன்னு மூணு கட்டத்தைக் காட்டினார். மேல் வரிசைல வர வேண்டியது: பத்தாயிரத்துல ரெண்டு கொட்டை, ஆயிரத்துல ஆறு. கீழ வந்தது: ஆயிரத்துல ஏழு, நூறுல அஞ்சு. இப்ப கழிக்கணும். மேல நூறுல ஒண்ணுமே இல்ல, அதனால ஆயிரத்துலருந்து ஒரு கொட்டையை எடுத்துட்டு நூறுல பத்தா வச்சார், அதுல அஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிற அஞ்சு ஆயிரத்துல ஏழு போகாது, பத்தாயிரத்துல ஒண்ணை உடைச்சார், பதினஞ்சு ஆச்சு, ஏழு போக எட்டு. கடைசில ஒண்ணு, எட்டு, அஞ்சு. பையன் வாயைத் திறந்து பார்த்துக்கிட்டே இருந்தான், ஸ்கூல்ல 'கடன் வாங்கி'க் கழிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தது இதுதானான்னு கேட்டான்.

அப்பா அந்தப் பதினாலு கொட்டையையும் ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. "இந்தப் பணத்தை விட மாட்டேன் பாப்பா"ன்னார். செக் திரும்பி வந்ததுலருந்து அதைப் பத்தி அவர் பேசின முதல் வார்த்தை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். மலை மந்திர் முருகன் கோயில்ல நல்ல கூட்டம். அங்கிளுக்கு ஒரு டப்பால சர்க்கரைப் பொங்கல் குடுத்தோம்.

18 ஜனவரி, சனி

ஆபீஸ்ல தெரிஞ்ச ஒரு வக்கீல் மூலமா தறி வாங்கினவருக்கு நோட்டீஸ் அனுப்பியாச்சு. 1881ல போட்ட செலாவணி முறிச்சட்டத்துல (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 138ஆவது பிரிவு, பணம் இல்லாம செக் திரும்பினா அதுக்கானது, 1989 ஏப்ரல்லருந்து நடைமுறைல இருக்கு. மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும், அது கிடைச்ச 15 நாளுக்குள்ள அவர் பணத்தைக் கட்டணும், கட்டலைன்னா அதுலருந்து ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுல புகார். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா செக் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். இதை அப்பாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்.

போஸ்ட் ஆபீஸ்லருந்து நேரா பார்க். அப்பா ரிஜிஸ்டர் தபால் ரசீதை அங்கிள்கிட்ட காட்டி என்னை சொல்லச் சொன்னார், நான் சொன்னேன். அங்கிள் கேட்டுட்டு அப்பா தோளைத் தட்டி "ஷெஹ் தே தீ ஆப்னே"ன்னார். செக் வச்சுட்டீங்கன்னு அர்த்தம்பான்னு சொன்னேன். அப்பா ரசீதை மடிச்சு ஸ்வெட்டருக்குள்ள சட்டைப் பையில வச்சுக்கிட்டு, நோட்டீஸ் அவருக்கு என்னிக்குப் போய்ச் சேரும், 15 நாள் என்னிக்கு முடியும்னு கேட்டார். திங்கக்கிழமை பார்த்துச் சொல்றேன்னேன்.