கவ்ல வெட்டப் போறீங்களா? ஃப்ளேஞ்ச் போடாம கத்திய எடுக்காதீங்க

என் ரிமோட் விமானத்தோட கவ்ல், அதாவது இன்ஜின மூடுற மூக்கு உறைய, ரெண்டா பிரிக்க ரெண்டு வாரம் போச்சு. நேத்து ராத்திரிதான் கீழ் பாதி ஒழுங்கா போய் உக்காந்துச்சு.

மாடல் 50சிசி சைஸ் எக்ஸ்ட்ரா 300, கவ்ல் ஒரே பீஸ் ஃபைபர்கிளாஸ். ஒரு ஸ்பார்க் பிளக் மாத்தணும்னா கூட ஸ்பின்னர் (முன்னாடி இருக்குற கூம்பு), ப்ராப் (ப்ரொப்பெல்லர்) எல்லாம் கழட்டினாதான் கவ்ல் வெளிய வரும், ஃபீல்டுல நின்னுட்டு அத பண்ணி பண்ணி வெறுத்துப்போச்சு. சரி, மேல கீழன்னு ரெண்டா பிரிச்சிடுவோம்னு இறங்கினேன்.

ப்ராப் ஷாஃப்ட் சென்டருக்கு நேரா மாஸ்கிங் டேப் ஒட்டி லைன் போட்டது அரை மணி நேர வேலை. வெட்டினதுதான் தப்பாயிடுச்சு. ரெண்டு பாதியும் சேருற இடத்துல உள்பக்கமா வர்ற பட்டைதான் ஃப்ளேஞ்ச், அத அப்புறமா ஒட்டிக்கலாம்னு நெனச்சு நேரா கட்டிங் டிஸ்க்க வச்சிட்டேன், கடைசி ஒரு இஞ்ச் வெட்டினதும் பட்டுனு ஒரு சத்தம், கீழ் பாதி ரெண்டு பக்கமும் விரிஞ்சிடுச்சு. சேத்து வச்சுப் பாத்தா பின் ஓரத்துல 4 மில்லி வித்தியாசம். முழு வளையமா இருக்குற வரைக்கும் உள்ளுக்குள்ள இருக்குற இறுக்கம் தெரியாது, அறுத்ததும்தான் அது வேலைய காட்டுது. பத்தாததுக்கு டிஸ்க் ஒரு மில்லி தின்னுட்டதால பெயின்ட் கோடும் ஒண்ணுக்கொண்ணு சேரல. மெல்லிசான ரேஸர் சா ரம்பம் வச்சு கையாலயே அறுத்திருக்கணும்.

அப்புறம் ரெண்டு பாதியையும் அழுத்திப் பிடிச்சு, உள்பக்கம் குறுக்க சின்ன சின்ன பிளைவுட் துண்டா சிஏ (உடனே ஒட்டுற பசை) போட்டு ஒட்டி பழைய ஷேப்புக்குக் கொண்டு வந்தேன். துண்டுகளுக்கு நடுவுல கீழ் பாதி உள்பக்கம் பேக்கிங் டேப், அதுக்கு மேல மூணு லேயர் கிளாஸ் துணி, எபாக்ஸி. மேல் பாதில மட்டும் 80 நம்பர் உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சு விட்டதால ஃப்ளேஞ்ச் அங்க மட்டும் பிடிக்கும், கீழ் பாதில ஒட்டாது. ஆனா டேப்ல ஒரு இடத்துல சுருக்கம் இருந்திருக்கு, எபாக்ஸி அதுக்குள்ள இறங்கி ரெண்டையும் ஒட்டிடுச்சு. ஸ்டீல் ஸ்கேல மெதுவா நுழைச்சு நுழைச்சு பிரிக்கவே ஒரு சாயங்காலம் போச்சு, ஃபைபர்கிளாஸ் மேல இருக்குற வழவழப்பான ஜெல்கோட் பூச்சும் ரெண்டு எடத்துல பேந்துடுச்சு. டேப்ப நகத்தால தேச்சு ஒட்டுங்க, மேல ஒரு கோட் வேக்ஸும் போடுங்க.

நீங்க பண்றதா இருந்தா வரிசைய மாத்திடுங்க: கவ்ல் முழுசா இருக்கும்போதே உள்ள ஃப்ளேஞ்ச், அது காஞ்சதும் ஸ்க்ரூ ஓட்ட, கடைசியாதான் வெட்டு. அறுக்கும்போது வெளிப்பக்க கவ்ல மட்டும் அறுங்க, ஃப்ளேஞ்சுல பல் பட்டுடக் கூடாது. கண்ணாடித் தூசு நெஞ்சுக்குள்ள போனா ஆபத்து, மாஸ்க் இல்லாம தொடாதீங்க, ஃபுல் கை சட்டையும் போட்டுக்கோங்க, எனக்கு ரெண்டு நாள் கை அரிச்சுது.

ஃப்ளேஞ்சுக்குப் பின்னாடி 3 மில்லி பிளைவுட், அதுல எம்3 பிளைண்ட் நட் (மரத்துலயே பதிச்சு வைக்கிற நட்), ஸ்க்ரூவுக்கு அடியில ரப்பர் வாஷர். சிங்கிள் சிலிண்டர் அதிர்வுக்கு வாஷர் இல்லன்னா ஓட்டைய சுத்தி விரிசல் விட்டுடும். இன்னிக்கு காலைல ஒரு டேங்க் ஓட்டிட்டு பாத்தேன், ஒரு ஸ்க்ரூ கூட லூஸ் ஆகல. ஆறு ஸ்க்ரூ கழட்டினேன், ப்ராப்ப தொடாமயே கீழ் பாதி கையோட வந்துடுச்சு.