சிறாப்பர் கவுண்டரில் கண்ட கணக்கு

வன்னியில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் கொஞ்சக் காலம் சிறாப்பராக இருந்தேன். தண்டக் காசு வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதுவதுதான் வேலை. யார் கட்டுவார், யார் மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போவார் என்பது போகப்போக முகத்தைப் பார்த்தே பிடிபட்டுவிடும்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரம் பிடிபட்டால், முதலாளியின் ஆள் காசோடு காலையிலேயே வந்து நிற்பான். சாரதியின் தண்டத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டு மத்தியானத்துக்குள் போய்விடுவான். கசிப்பு என்கிற கள்ளச் சாராய வழக்கில் வருகிறவனுக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை.

ஒரு கூலித் தொழிலாளிக்கு 25,000 ரூபா தண்டம், கட்டத் தவறினால் ஒரு மாத மறியல். மனைவி தோட்டை அடகு வைத்துவிட்டுப் பின்னேரம் வந்தார். ஆயிரம் ரூபாத் தாள்கள், கசங்கிய நூறுகள், கடைசியில் ஒரு பொலித்தீன் பையில் சில்லறை. எண்ணிப் பார்த்தால் 16,000.

"மிச்சத்தை நெல்லு வித்தாப்பிறகு தரலாமோ, தம்பி?"

தவணை கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. நீதவான் ஏற்கனவே ஆசனத்தை விட்டு இறங்கிவிட்டார். இருப்பதைக் கட்டினால் அதற்கேற்ப நாள் குறையும், பதினொரு நாள் அளவில் வெளியே வரலாம் என்று சொன்னேன். அவர் யோசித்தார். அப்புறம் காசைத் திரும்ப எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அப்ப அவர் முழுசாவே இருக்கட்டும். நான் தோட்டை மீட்டுப்போடுறன்."

எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய கணக்கு சரி. அரசின் கணக்குத்தான் உதைத்தது: தண்டத்தில் ஒரு சதமும் வரவில்லை, ஒரு மாதச் சாப்பாடு, காவல், பஸ் டீசல் எல்லாம் அரசின் தலையில். வீட்டிலோ உழைக்கிறவன் இல்லை. இது ஒரு குடும்பத்தின் கதையுமல்ல. இலங்கையில் தண்டனை பெற்று உள்ளே போவோரில் பாதிக்கு மேல் தண்டம் கட்டாதவர்கள்தான். சுதந்திர தினத்துக்கும் வெசாக்குக்கும் பொதுமன்னிப்பில் இவர்களில் பலரை அரசே வெளியே விடுகிறது. அப்படியானால் உள்ளே போடுவானேன்?

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி தண்டம் கட்டத் தவணை கொடுக்கலாம். 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி, மறியலுக்குப் பதில் சமுதாய வேலைக்கும் அனுப்பலாம். ஆனால் யாராவது கேட்க வேண்டுமே. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாமல், "குற்றத்தை ஒப்புக்கொண்டால் அலுவல் முடிஞ்சுது" என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர், கூண்டில் நின்று தவணையா கேட்பார்?

அதற்குப் பிறகு, காலையில் விறாந்தையில் தனியாக நிற்பவர்களைக் கண்டால், "காசு காணாதெண்டால் ஐயா இறங்க முதல் தவணை கேளுங்கோ" என்று சொல்லிவைப்பேன். கூட வேலை செய்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சிறாப்பருக்கு இது என்ன வேலை என்றார்கள். சிலர் கேட்டார்கள், சிலருக்குக் கிடைத்தது. தவணைக்காரருக்குத் தனியாக ஒரு கொப்பி போட்டேன். பெரும்பாலானவர்கள் சொன்ன திகதிக்கு வந்து கட்டினார்கள்.