காதை நம்பாதீர்கள்: பிஎஸ்எல்இ எடிட்டிங்கும் இரட்டைச் சொற்களும்

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில், ஆங்கிலத்தின் இரண்டாம் தாளில் எடிட்டிங் (பிழை திருத்தும்) பகுதிக்கு 10 மதிப்பெண். பத்தியில் அடிக்கோடிட்ட சொற்கள் எல்லாமே தவறானவை. சிலவற்றில் எழுத்துப்பிழை, சிலவற்றில் இலக்கணப்பிழை. சரியான சொல்லைக் கட்டத்தில் எழுத வேண்டும். என் மகள் எழுத்துப்பிழைகளைச் சுலபமாகப் பிடித்துவிடுவாள். ஒன்றுபோல் இருக்கும் சொற்கள் வந்தால்தான் திணறுவாள். தொடக்கநிலை 6-இல் பிள்ளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக, எங்களுக்குக் கைகொடுத்த வழியை எழுதுகிறேன்.

பயிற்சித்தாள் ஒன்றில் 'ஆசிரியர் நல்ல அறிவுரை சொன்னார்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். அட்வைஸ் என்பதை எஸ் எழுத்துப் போட்டு எழுதி அடிக்கோடிட்டிருந்தார்கள். அப்படியும் ஒரு சொல் இருக்கிறதே, எழுத்து சரிதானே என்று நினைத்தவள், கடைசியில் இன்னொரு எஸ் சேர்த்துப் பன்மையாக்கிவிட்டாள். தமிழில் 'அறிவுரைகள்' என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் பன்மை வராது. அங்கே வேண்டியது சி போட்ட அட்வைஸ், அதுதான் பெயர்ச்சொல். எஸ் போட்டது வினைச்சொல்.

தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு இரண்டையும் சரியாக உச்சரித்தால், வினைச்சொல்லின் கடைசி ஒலியில் அதிர்வு தெரியும். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. இங்கே பேசும் ஆங்கிலத்திலும் சொல் முடியும் இடத்தில் அந்த அதிர்வு பெரும்பாலும் கேட்பதில்லை. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழும். லூஸ் விஷயத்திலும் இதே சிக்கல்தான். ஒரு ஓ என்றால் தொலைப்பது, தோற்பது. 'சட்டை லூசா இருக்கு' என்கிறோமே, அதற்கு இரண்டு ஓ.

அதனால் காதை விட்டுவிட்டு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கப் பழக்கினேன். 'மழை ஆட்டத்தைப் பாதித்தது': இங்கே வினை, ஆகவே ஏ-யில் தொடங்கும் அஃபெக்ட். 'மழையின் பாதிப்பு': இது பெயர், ஆகவே ஈ-யில் தொடங்கும் எஃபெக்ட். பாதித்தது, பாதிப்பு என்று தமிழில் உருவமே மாறிவிடுவதால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடுகிறது. எஃபெக்ட் அபூர்வமாக வினையாகவும் வரும். 'ஏற்படுத்து' என்று பொருள். தொடக்கநிலையில் அதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

தோற்றத்தில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் பாரோ (இரவல் வாங்குவது), லெண்ட் (இரவல் கொடுப்பது) இரண்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் 'பென்சில் கொடு' என்பதற்குப் 'பாரோ மீ' என்று சொல்லும் பழக்கம் உண்டு. சீனத்தில் இரவல் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே சொல்தான், 'ஜியே'. பேச்சு மலாயில் 'பிஞ்சாம்' என்பதும் அப்படியே. தமிழில் வாங்குவது வேறு, கொடுப்பது வேறு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிரின்சிபல், ஸ்டேஷனரி மாதிரியானவை மனப்பாடம்தான், வேறு வழியில்லை. தலைமையாசிரியர் என்றால் முடிவில் ஏ-எல், கொள்கை என்றால் எல்-ஈ. எழுதுபொருளுக்குப் 'பேப்பர்' மாதிரி ஈ-ஆர் வரும், அசையாமல் நிற்பதற்கு ஏ-ஆர்.

ஐம்பது ஜோடிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பலன் இல்லை. நாளுக்கு ஒரு ஜோடி போதும். பிள்ளையே சொந்தமாக இரண்டு வாக்கியம் எழுதட்டும். அப்புறம் சொல்லை மட்டும் மறைத்துவிட்டு, சில நாள் கழித்து அதே வாக்கியங்களைக் கொடுங்கள்.

கணினியில் தட்டச்சு செய்கிற பிள்ளையாக இருந்தால், மொழி அமைப்பை பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றிவையுங்கள். நம் பள்ளிகளில் பிராக்டிஸ் பெயராக வந்தால் சி, வினையாக வந்தால் எஸ். அமெரிக்க முறையில் இரண்டுக்கும் சி-தான். பிள்ளை சரியாக எழுதிய வினைச்சொல்லுக்கும் கணினி சிவப்புக் கோடு போடும்.