கம்பஸ் கணினி லாப்பில் கணக்கு (லொகின்) கிடைத்த தம்பி தங்கச்சிகளுக்கு

புது பட்ச் உள்ளே வரும்போதெல்லாம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைப்பேன், இந்தமுறை எழுதியே விடுகிறேன். வவுனியா பம்பைமடு என்றாலும் சரி, கிளிநொச்சி அறிவியல்நகர் என்றாலும் சரி, விஷயம் ஒன்றுதான். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது, அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. துணுக்காய், ஒட்டுசுட்டான், முழங்காவில் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளில் சொந்த லப்டொப் இல்லாதவர்கள் நிறையப்பேர். போனை வைத்தே ஏ.எல் படித்து முடித்தவர்கள். அவர்களுக்கு லாப்பில் கிடைக்கிற அந்தக் கணக்குத்தான் முதன்முதலாகத் தங்கள் பெயரில் கிடைக்கிற ஒரு இடம், அதனால்தான் அதை இவ்வளவு லேசாக விடுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

முதலில் பாஸ்வேர்ட். சில இடங்களில் தொடக்கத்தில் அடையாள அட்டை இலக்கத்தையே பாஸ்வேர்டாகப் போட்டுத் தருவார்கள். அந்த இலக்கம் ஒன்றும் ரகசியமில்லை. புது 12 இலக்க அட்டையில் முதல் நாலும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்பிள்ளை என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். உங்கள் பிறந்தநாளுக்கு கேக் வெட்டிய ஆளுக்கு பாதிக்குமேல் ஏற்கெனவே தெரியும், மிச்சம் ஏதாவது ஒரு லிஸ்ட்டில் இருக்கும். கணக்கு கிடைத்த அன்றே மாற்றுங்கள். லினக்ஸ் மெஷின் என்றால் டெர்மினலில் (கட்டளை அடிக்கிற ஜன்னலில்) passwd என்று அடித்தால் பழையதைக் கேட்கும், பிறகு புதியதை இரண்டு தரம் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது, கேர்சரும் அசையாது. கீபோர்ட் பழுது என்று நினைத்து எழும்பிப்போய் அடுத்த மெஷினில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது அப்படித்தான், எத்தனை எழுத்து என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. பேசாமல் அடித்து என்டரைத் தட்டுங்கள்.

அடுத்தது "மச்சான், உன்ர லொகினை ஒருக்காத் தாவன், என்ரது வேலை செய்யேல்லை." லாப்பில் அதிகம் கேட்கிற வசனம் இதுதான். உதவி கேட்கிறவன் கெட்டவன் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பெயரில் நடப்பதெல்லாம் நீங்கள் செய்ததாகத்தான் சர்வரில் பதியும். நான் டெமோவாக (லாப்பில் மாணவருக்கு உதவுகிற ஆளாக) நின்ற காலத்தில் ஒரு பிள்ளை லொக் அவுட் செய்யாமல் மொனிட்டர் பட்டனை மட்டும் அமர்த்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டது, பிறகு வந்தவர் திரையைப் போட்டதும் அந்தப் பிள்ளையின் ரிப்போர்ட் அப்படியே திறந்தபடி. வரிக்கு வரி ஒரே மாதிரி இரண்டு அசைன்மென்ட் வந்தது, இரண்டுக்கும் பூச்சியம். யார் எழுதியது என்று நிரூபிக்க அந்தப் பிள்ளை பட்ட பாடு எனக்கு இன்றைக்கும் கவலை. இன்னொருவர் கணக்குக்குள் அனுமதியில்லாமல் போவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம், பகிடி இல்லை.

எழும்பிப் போகிறபோது சைன் அவுட். கொஞ்ச நேரம் வெளியே போவதென்றால் விண்டோஸ் பட்டனோடு L எழுத்தை அழுத்துங்கள், திரை பூட்டிவிடும். எல்லோருக்கும் பொதுவான ஒரே யூசர் உள்ள மெஷினில் குரோமுக்குள் உங்கள் ஜிமெயிலைச் சேர்க்கவே வேண்டாம், சேமித்த பாஸ்வேர்டெல்லாம் கூடவே இறங்கிவிடும். இன்கொக்னிட்டோவில் (மூடியதும் உங்கள் லொகினை மறந்துவிடுகிற தனி விண்டோவில்) திறந்து வேலையை முடித்து மூடிவிடுங்கள். மறந்துபோய் வந்துவிட்டீர்களா, போனில் கூகுள் கணக்குக்குள் போய் 'உங்கள் சாதனங்கள்' என்ற இடத்திலிருந்து அந்த மெஷினை வெளியேற்றலாம்.

டெஸ்க்டொப்பில் சேமிக்காதீர்கள். டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் போட்ட மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் பழைய நிலைக்கே திரும்பிவிடும், மழைக்காலத்தில் கரண்ட் ஒருதரம் வெட்டுப்பட்டால் போதும், பின்னேரம் முழுக்க அடித்த ரிப்போர்ட் போய்விடும். லினக்ஸில் இன்னொன்று இருக்கிறது. உபுண்டு 21.04க்கு முந்திய பதிப்புகளில் உங்கள் ஹோம் ஃபோல்டரை அதே மெஷினில் கணக்குள்ள மற்றவர்களும் திறந்து பார்க்கலாம், டெர்மினலில் chmod 700 ~ என்று அடித்து மூடிவிடுங்கள்.

இவ்வளவு காவல் சொல்கிறேன் என்று பயந்து ஒதுங்கவேண்டாம், அந்தக் கணக்கில் நல்லதும் நிறைய இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் எடுரோமில் (eduroam, பல்கலைக்கழகங்களுக்கான பொது வைஃபை வசதி) இணைந்திருந்தால், அதில் இணைந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இதே கணக்கால் வைஃபை கிடைக்கும். கம்பஸ் மெயிலை வைத்து கிட்ஹப் (GitHub, புரோகிராம் கோட் சேமிக்கிற தளம்) மாணவர் பொதிக்கு விண்ணப்பிக்கலாம், காசு கொடுத்து வாங்கவேண்டிய எத்தனையோ மென்பொருள் சும்மா கிடைக்கும்.

கடைசி வருடக்காரர்களுக்கும் ஒன்று. வேலைக்கு விண்ணப்பிக்கிற இடங்களில் கம்பஸ் மெயிலைக் கொடுத்திருந்தால் இப்போதே சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். பட்டமளிப்புக்குப் பிறகு அந்தக் கணக்கை எப்போது மூடுவார்கள் என்பது நிர்வாகத்தின் கையில். அந்தக் கணக்கின் கூகுள் டிரைவில் கிடப்பதை கூகுள் டேக்அவுட் மூலம் இறக்கி, பைல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று ஒருதரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.