மேலே குளிர்கிறது

"அக்னி நட்சத்திரத்துல வெயில் அடிக்காம பனியா பெய்யும்?" என்றார் மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா. பூமி சூடாவதெல்லாம் சூரியன் வேலை, மனிதனுக்கு அவ்வளவு சக்தி ஏது என்பது அவர் கட்சி.

நியாயமான சந்தேகம்தான்.

ஆனால் சூரியன் காரணம் என்றால் காற்றுமண்டலம் அடியிலிருந்து உச்சிவரை சூடாக வேண்டும். 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்திருக்கிறது. கரியமில வாயு ஒரு போர்வை மாதிரி: உள்ளே புழுக்கம், வெளியே ஜில்லென்று. ஓசோன் குறைந்ததற்கும் அதில் பங்குண்டு. ஆனால் உயரப் போகப் போக கரியமில வாயுவின் கைதான் ஓங்குகிறது.

எனக்குப் பிடித்தது இதுதான்: அளப்பதற்கு முன்பே, 1967இல், காலநிலை விஞ்ஞானிகள் சியுகுரோ மனாபேவும் ரிச்சர்ட் வெதரால்டும் இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். மனாபேவுக்கு நோபல் வந்தது 2021இல். மனிதருக்கு என்ன பொறுமை!

"அந்த வாயு எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே?" என்றார் மாமா.

எரிமலைகள் ஓர் ஆண்டில் விடுவது, நாம் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட வராது. அப்புறம், கார்பனுக்கே ஓர் அடையாளம் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில், காலப்போக்கில் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 மிச்சம் இருக்காது. அதை எரிக்க எரிக்க, காற்றில் கார்பன்-14இன் விகிதம் நீர்த்துப்போகும். அணுகுண்டுச் சோதனைகள் அதைத் தாறுமாறாக ஏற்றிவிடுவதற்கு முன், 1955இலேயே, வேதியியலாளர் ஹான்ஸ் சூயெஸ் மரக்கட்டைகளில் இதைக் கண்டுபிடித்தார்.

1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.