கேம்பர் ட்ரெய்லர் டயர்: பட்டனை மட்டும் நம்பாதீர்கள்

அமெரிக்காவில் மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறையோடு கேம்பிங் சீசன் களைகட்டிவிடும். குளிர்காலம் முழுக்க வீட்டோரம் நின்ற, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேம்பர் ட்ரெய்லர்கள் அந்த வாரம்தான் டயர் கடைக்கு வரிசையாக வரும். வருகிறவர்களில் பலர் டயரின் பட்டனை, அதாவது தரையில் படும் பள்ளமும் மேடுமான பகுதியைக் காட்டி, புதுசு மாதிரி இருக்கிறது, காற்று மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்பார்கள். எங்கள் தொழிலில் நிதானமாகப் பேச வேண்டிய இடம் இதுதான்.

கார் டயர் ஓடித் தேய்கிறது. கேம்பர் டயர் வருஷத்தில் சில ஆயிரம் மைல் ஓடி, மீதி நாளெல்லாம் அதே பாரத்தோடு வெயிலில் நிற்கிறது. பட்டன் தேய்வதற்குள் ரப்பர் கெட்டுவிடும். அதனால் முதலில் பார்ப்பது வயது. பக்கவாட்டில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். முழுக் குறியீடு பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் டார்ச்சோடு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். ஐந்து வருஷம் ஆனதும் கவனம் கூட வேண்டும். ஆறு தாண்டினால் பட்டன் முழுசாக இருந்தாலும் மாற்றச் சொல்வோம், ஸ்டெப்னியையும் சேர்த்து. புதிது வாங்கும்போதும் மாட்டுவதற்கு முன்பே இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது பாரம். வெடிக்கிற டயர்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்தக் கணக்கு இடித்திருப்பதுதான் என்பது எங்கள் அனுபவம். 3,500 பவுண்டு தாங்கும் அச்சுக்கு மிகச் சாதாரணமாக வரும் டயர் எஸ்டி205/75ஆர்14, லோட் ரேஞ்ச் சி. லோட் ரேஞ்ச் என்பது பாரம் தாங்கும் தரம்; சி, டி, இ என்று எழுத்து ஏற ஏறத் தாங்கும் பாரம் கூடும். எஸ்டி என்றால் ட்ரெய்லருக்கென்றே செய்தது. 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில் அது தாங்குவது 1,760 பவுண்டு. இரண்டு டயருக்கு 3,520. அச்சு முழுப் பாரத்தில் இருந்தால் மிச்சம் வெறும் 20 பவுண்டு. இத்தனைக்கும் பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் ஃப்ரிட்ஜும் அடுப்பும் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் ஸ்லைடு அவுட்டும் ஒரே பக்கம் அமைந்த ட்ரெய்லர்கள் ஏராளம். 40 கேலன் தண்ணீர் நிரப்பினால் அதுவே ஏறக்குறைய 330 பவுண்டு.

ஆகவே பயணத்துக்கு ஏற்றுவதையெல்லாம் ஏற்றி, தண்ணீர், கேஸ் நிரப்பி, ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் 'கேட்' (CAT) நிறுவன எடைமேடையில் ஒருமுறை ஏற்றிவிடுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் டயர் தேர்வு செய்வது ஊகம்தான். முடிந்தால் சக்கரம் சக்கரமாக எடை போடுவது இன்னும் நல்லது. கிடைத்த எடைக்கு மேல் குறைந்தது 15 சதவீதமாவது கையிருப்பு இருக்கிற டயரைத்தான் நாங்கள் சிபாரிசு செய்வோம். மேலே சொன்ன அதே அளவில் லோட் ரேஞ்ச் டி எடுத்தால் 65 பிஎஸ்ஐ-யில் 2,040 பவுண்டு. அச்சுக்கு 580 பவுண்டு கையிருப்பு வந்துவிடுகிறது. டயரை மாற்றியதால் அச்சின் 3,500 பவுண்டு வரம்பு கூடிவிடாது. பெரிய டயர் போட்டோம், இன்னும் ஏற்றலாம் என்று நினைத்து அச்சை வளைத்தவர்கள் உண்டு.

ரேஞ்ச் ஏற்றும்போது ரிம்மையும் வால்வையும் மறந்துவிடுவார்கள். ரிம் எவ்வளவு பாரமும் காற்றும் தாங்கும் என்பது பெரும்பாலும் அதன் பின்புறம் பொறித்திருக்கும். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். லோட் ரேஞ்ச் இ டயருக்கு 80 பிஎஸ்ஐ அடிக்க, நட் போட்டு இறுக்கும் உலோக வால்வு வேண்டும்.

காற்று எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது, வெயில் படுவதற்கு முன். ட்ரெய்லரின் இடப்பக்க முன்மூலையில் ஒட்டியிருக்கும் லேபிளில் போட்டிருக்கும் அளவுக்குக் குறையக் கூடாது. எஸ்டி டயருக்கு, பக்கவாட்டில் உள்ள உச்ச அளவையே வைக்கச் சொல்வது எங்கள் வழக்கம். காரணம் பாரம் மட்டுமல்ல. இரட்டை அச்சு ட்ரெய்லரை கேம்ப் மைதானத்தில் ஒடித்துத் திருப்பும்போது பின்னால் நின்று பாருங்கள்: முன்டயர் ஒரு பக்கம், பின்டயர் மறுபக்கம் என்று சாய்ந்து, பட்டன் தரையோடு ஒட்டி நிற்க, ரிம் தனியே நகரும். அந்த இழுவை உள்ளே கம்பிப் பட்டைகளின் விளிம்பைப் பிரிக்கிறது. காற்று குறையக் குறைய இழுவை கூடும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறுவது இயல்பு. அதைத் திறந்துவிடவே கூடாது. 10 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் கூடினால் 80 பிஎஸ்ஐ டயரில் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும் என்பதால், சமவெளியில் அடித்த காற்றை மலையில் மறுநாள் காலை மறுபடி பார்க்க வேண்டும்.

ட்ரெய்லர் டயரில் காற்று இறங்குவது ஓட்டுபவருக்குத் தெரியாது. ஸ்டியரிங்கில் எதுவும் உணர்த்தாது. பக்கத்து வண்டிக்காரர் ஹாரன் அடித்துச் சொல்வதற்குள் டயர் கிழிந்திருக்கும். 2008 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் காற்றழுத்த எச்சரிக்கை கட்டாயம். ட்ரெய்லருக்கு அந்தச் சட்டம் இல்லை. வால்வில் திருகும் சென்சார் செட் வாங்கிப் போடுங்கள். அதன் பாரம் ரப்பர் வால்வை ஆட்டி விரிசல் விடச் செய்யும் என்பதால் இதற்கும் உலோக வால்வே சரி.

தேய்மானத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் என்றால் அதிகம். ஒரே ஓரம் என்றால் அச்சு வளைந்திருக்கும் அல்லது அலைன்மெண்ட் போயிருக்கும். ஒரே ஓர் இடம் மட்டும் புடைத்தோ தேய்ந்தோ தெரிந்தால் உள்ளே பட்டை பிரிகிறது. அதோடு அடுத்த ஊருக்குக்கூடப் போகாதீர்கள். ஜாக்கியை சேஸிஸில்தான் கொடுக்க வேண்டும், அச்சுக் குழாயில் அல்ல. தூக்கி, டயரைக் கையால் மெல்லச் சுற்றினால் புடைப்பு கண்ணுக்குப் படும். பேரிங் ஆட்டத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பல எஸ்டி டயர்களின் வேக வரம்பு 65 மைல்தான். அதற்கு மேல் தாங்குபவற்றில் வேகக் குறியீடு இருக்கும்: எல் என்றால் 75, எம் என்றால் 81. நெடுஞ்சாலையில் 75 அனுமதி என்பது டயருக்குத் தந்த அனுமதி ஆகாது.

நிறுத்தி வைக்கும்போது வெயில் படாமல் உறை போடுங்கள், முழுக் காற்று வையுங்கள். பளபளப்புக்காகப் பெட்ரோலியக் கலவை தடவ வேண்டாம். விரிசலைத் தடுக்க ரப்பரில் கலந்திருப்பதை அது கரைத்துவிடும்.

மாட்டி முடித்ததும் அரை அங்குல போல்ட் என்றால் நட்டுகளை நட்சத்திர வரிசையில், மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்சால் 90 முதல் 120 அடி-பவுண்டு வரை இறுக்குவோம். 10, 25, 50 மைலில் மறுபடி பார்க்க வேண்டும். அலுமினியம் ரிம்மில் இதைத் தவறவிட்டு சக்கரமே கழன்று ஓடியிருக்கிறது. இரட்டை அச்சில் ஒரு டயர் வெடித்தால், அதே பக்கத்து இன்னொரு டயர் கொஞ்ச தூரம் இரண்டின் பாரத்தையும் சுமந்திருக்கும். வெளியே காயம் தெரியாவிட்டாலும் அதைக் கழற்றி உள்ளே பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டயர் மூடிக்குள் போகும் பிரேக் வயரையும் கேஸ் குழாயையும் பார்க்காமல் அங்கிருந்து வண்டியை எடுக்க வேண்டாம்.