கண் சிமிட்டலில் தொடங்கும் அலைச்சல்: டிக்ஸ் உள்ள பிள்ளையோடு சென்னையில்

பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்கும். ஐந்தாறு வயதில் பிள்ளை படபடவென்று கண்ணைச் சிமிட்டும். கண் டாக்டர் சொட்டு மருந்து தருவார். சில வாரத்தில் சிமிட்டல் நின்றுவிடும், மருந்து கேட்டது என்று நிம்மதியாக இருப்போம். பிறகு தொண்டைச் செருமல் வரும், சளி மருந்து வாங்குவோம். மூன்றாவதாகத் தோள் குலுங்கும்போதுதான் எல்லாம் ஒரே கதை என்று உறைக்கும். பிள்ளை வேண்டுமென்று செய்யாமல் தானாக வரும் இந்த அசைவுக்கும் ஒலிக்கும் டிக்ஸ் என்று பெயர். வருவது, போவது, இடம் மாறுவது, இதுதான் டிக்ஸின் குணம். கண்ணையும் தொண்டையையும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. அதே டாக்டரிடம் மூன்று தடவை போவதுதான் வீண்.

டாக்டரைப் பார்க்கும் முன் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அறைக்குள் போனதும் பிள்ளை கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டு சமத்தாக உட்கார்ந்துவிடும், நாம் பொய் சொல்வதுபோல் ஆகிவிடும். அரை நிமிட வீடியோ மூன்று நான்கு போதும். டிவி பார்க்கும்போதும் பள்ளி விட்டு வந்ததும் எடுத்தால் நன்றாகத் தெரியும். எந்த மாதம் எந்த அசைவு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோயின் பெயரே இந்தக் கணக்கை வைத்துத்தான். 18 வயதுக்குள் தொடங்கி, உடல் டிக் குறைந்தது இரண்டும், குரல் டிக் குறைந்தது ஒன்றும் வந்து, முதல் டிக்கிலிருந்து ஓராண்டு தாண்டியிருந்தால் டூரெட். இரண்டு வகையும் ஒரே நேரத்தில் வர வேண்டுமென்பதில்லை. ஓராண்டு ஆகாவிட்டால் தற்காலிக டிக் என்பார்கள். டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை கத்துவது என்று சினிமா பார்த்துப் பயப்படாதீர்கள், அது சிறுபான்மைதான்.

இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. போன்ற மூளைப் பரிசோதனைகள் பெரும்பாலும் தேவைப்படாது. நினைவு தப்பினாலோ, தொண்டை வலி, காய்ச்சல் கண்ட பிறகு கைகால் தன்னிச்சையாக நெளிந்தாலோ, எழுத்து திடீரென்று கோணினாலோ அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

எங்கே போவது? எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, செலவில்லை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். மனநல மருத்துவம் என்றதும் ‘கீழ்ப்பாக்கமா!’ என்று வீட்டில் முகம் மாறும். ஆனால் டிக்ஸோடு கவனக்குறைவும், திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் ஓ.சி.டி.யும் பலருக்குச் சேர்ந்தே வரும், பல பிள்ளைகளுக்கு டிக்கைவிட அவைதான் தொல்லை. அதனால் அந்தக் கதவைத் தட்டாமல் முடியாது. வெளியே போகத் தயக்கமென்றால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சையில் முதலிடம் ஹேபிட் ரிவர்சல் என்ற பழக்கப் பயிற்சிக்கு. டிக் வருமுன் ஓர் அரிப்பு, ஓர் இறுக்கம் தோன்றும், தும்மலுக்கு முன் மூக்கு குறுகுறுப்பதுபோல. அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்குக் கற்றுத்தந்து, அந்த நேரத்தில் டிக்குக்கு எதிரான ஒரு அசைவைச் செய்யவைப்பார்கள். தோள் குலுங்கினால் கைகளை உடம்போடு ஒட்டித் தோளைக் கீழே அழுத்த வேண்டும். செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விட வேண்டும். உந்துதல் தணியும்வரை, அல்லது ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாகப் பத்து வாரத்தில் எட்டு அமர்வு. சைக்காலஜிஸ்டிடம் ‘ஹேபிட் ரிவர்சல் பயிற்சி தருவீர்களா’ என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கவுன்சலிங் என்ற பெயரில் வெறும் அறிவுரையோடு முடிகிற இடங்களும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு டிக்தான், பிள்ளைக்கு எது அதிகத் தொல்லையோ அது முதலில். நமக்கு எது வெட்கமோ அது அல்ல.

கழுத்து வலிக்கிற அளவுக்கு, படிக்க முடியாத அளவுக்கு இருந்தால் மாத்திரை. குளோனிடினில் தூக்கம் வரும், அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ரிஸ்பெரிடோனில் பசியும் எடையும் கூடும், மாதாமாதம் எடை பாருங்கள். இதில் அடிக்கடி நடக்கும் தப்பு, டிக் தானாகக் குறைந்த மாதத்தில் ‘சரியாகிவிட்டது’ என்று பெற்றோரே மாத்திரையை நிறுத்துவது. பத்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பருவ வயது முடிகையில் பலருக்கு நன்றாகவே தணியும்.

பள்ளிக்கு டாக்டர் கடிதம் ஒரு பக்கம் போதும். இது வேண்டுமென்று செய்வதல்ல, தொற்றாது, ‘நிறுத்து’ என்று சொன்னால் கூடும், இவ்வளவுதான் அதில் வேண்டும். முதல் பெஞ்சு வேண்டாம், பின்னால் கதவோரம் கேளுங்கள். அடக்கி அடக்கிக் களைத்தால் தண்ணீர் குடிக்கும் சாக்கில் இரண்டு நிமிடம் வெளியே போய்வரட்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தனி அறையோ கூடுதல் நேரமோ தேவைப்படுமென்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியரிடம் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் யாராவது முறைக்கத்தான் செய்வார்கள். பிள்ளை தானே சொல்ல மூன்று துண்டு வாக்கியம் பழக்குங்கள்: ‘எனக்கு டிக்ஸ். தானா வருது. கண்டுக்காதீங்க.’